பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இன்று சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கே வாங்கிவிடலாம். 1996இல் வெளிவந்து 2004 வரை தயாரான முதல் தலைமுறைக்கு 986 என்று பெயர். புதிதாக விற்றபோது அது முப்பதாயிரம் பவுண்டைத் தாண்டிய கார். அந்த விலை இறங்கிவிட்டது. ஆனால் அதன் கிளட்ச், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் ஆர்ம், மெக்கானிக்கின் கூலி எதுவும் இறங்கவில்லை. இதை மறந்து, கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு. கால் பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள். நல்ல கார் கிடைத்தாலும் முதல் வருடத்தில் அந்தப் பணத்துக்கு வேலை வரும்.

எந்த என்ஜின் என்று தெரியாமல் போவது

986இல் மூன்று அளவு என்ஜின்கள் உண்டு. தொடக்கத்தில் வந்தது 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன். 2000 மாடலிலிருந்து சாதாரண பாக்ஸ்டருக்கு 2.7 லிட்டரும், பாக்ஸ்டர் எஸ்ஸுக்கு 3.2 லிட்டரும் வந்தன. எஸ்ஸில் ஆறு கியர், பெரிய பிரேக், முன்பக்க நடுவில் மூன்றாவதாக ஒரு ரேடியேட்டர். சாதாரண மேனுவல் காரில் ஐந்து கியர்தான். பின்னால் ஒட்டியிருக்கும் 'எஸ்' எழுத்தை நம்ப வேண்டாம், அது கடையில் கிடைக்கும். கியர் நெம்புகோலின் தலையில் எத்தனை கியர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு காரைத் தூக்கி, என்ஜினின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். எம்96/20 என்றால் 2.5 லிட்டர். 22, 23 என்றால் 2.7. 21, 24 என்றால் 3.2. அந்த எண்ணோடு 'ஏடி' என்ற எழுத்துகள் இருந்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த மாற்று என்ஜின் பொருத்தப்பட்டிருக்கிறது. அது குறையாகாது, எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதற்கு பில் இருக்க வேண்டும், அவ்வளவே.

2003 மாடலில் துணிக் கூரையின் பின்பக்கத்துக்கு உண்மையான கண்ணாடி வந்தது. அதற்கு முந்தைய கார்களில் பிளாஸ்டிக். குளிரில் அதை மடித்தால் மடிப்புக் கோட்டிலேயே விரியும். விலை கொஞ்சம் கூடினாலும், முடிந்தால் 2003க்குப் பிந்தையதைத் தேடுவது எங்கள் பரிந்துரை.

ஐஎம்எஸ் பேரிங்: பாதி தெரிந்துகொண்டு முடிவெடுப்பது

இந்தக் காரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஐஎம்எஸ் என்ற மூன்றெழுத்தைத்தான். பெரும்பாலோர் கேள்விப்பட்டதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு கூட்டம் பயந்து நல்ல காரை விடுகிறது. இன்னொரு கூட்டம் "மாத்தியாச்சு" என்ற ஒரு சொல்லை நம்பிப் பணம் கொடுக்கிறது.

நடப்பது இதுதான். கிராங்க் ஷாஃப்ட் ஒரு செயின் மூலம் என்ஜினின் நடுவிலுள்ள இடைத்தண்டைச் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ்) சுழற்றுகிறது. அந்தத் தண்டு இரு பக்கமும் செயின் மூலம் கேம் ஷாஃப்ட்களைச் சுழற்றுகிறது. தண்டின் ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். உள்ளே கிரீஸ் வைத்து, இரு பக்கமும் சீல் போட்டு மூடியது. வருடங்கள் போகப் போக என்ஜின் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. உள்ளே போன ஆயில் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கெட்டுப்போகிறது. உருண்டைகளில் குழி விழுகிறது, தண்டு ஆட்டம் காண்கிறது, செயின் பல் தாண்டுகிறது, வால்வு பிஸ்டனில் மோதுகிறது. அதோடு என்ஜின் முடிந்தது.

ஆரம்பகாலக் கார்களில் இரட்டை வரிசை உருண்டைகள் கொண்ட பேரிங் இருந்தது. 2000 மாடலை ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். கேடு அதிகம் வந்தது இந்த ஒற்றை வரிசையில்தான். அமெரிக்காவில் நடந்து 2013இல் சமரசமான கூட்டு வழக்கின் வழியே பரவலாகத் தெரியவந்த கணக்குப்படி, ஒற்றை வரிசையில் சுமார் 8 சதவீதம் பழுதாகின. இரட்டை வரிசையில் ஏறக்குறைய 1 சதவீதம். அதாவது நூற்றில் தொண்ணூறுக்கு மேல் தப்பிப் பிழைத்தவை. இருந்தாலும் பழுதானால் போவது முழு என்ஜின் என்பதால் அந்த எட்டை அலட்சியம் செய்ய முடியாது. 2000, 2001 கார்களில் எந்த வகை இருக்கிறது என்பதை வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸை இறக்கி முனை மூடியைப் பார்த்தால்தான் தெரியும்.

பேரிங் மாற்றியாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால் கேட்க வேண்டியவை: எந்தத் தேதியில், எத்தனை மைலில், எந்தப் பட்டறையில், எந்த வகை பேரிங்? செராமிக் உருண்டை போட்ட பேரிங் என்றால் அதற்கும் ஆயுள் உண்டு, குறிப்பிட்ட மைலில் மறுபடி மாற்ற வேண்டும். அழுத்தத்தோடு ஆயில் பாயும்படி அமைந்த, உருண்டையே இல்லாத பிளெயின் பேரிங் என்றால் அது நிரந்தரத் தீர்வாகவே விற்கப்படுகிறது. பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பேரிங் ஏற்கெனவே உதிரத் தொடங்கிய என்ஜினில் புதியதைப் போட்டுப் பயனில்லை. உலோகத் துகள் ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போயிருக்கும். அதனால் வாங்கும் முன்பே ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது மடிப்பு மடிப்பான காகிதம். அதை வெட்டி, வெளிச்சத்தில் விரித்து, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பளபளக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றிரண்டு கிடந்தால் அது செயின் உரசும் பட்டையின் தேய்மானம். இந்த வயதில் அது வழக்கம்தான், அளவு கூடினால் மட்டும் கவலை.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் இருந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் கசிகிறது, அல்லது ஐஎம்எஸ் மூடி கசிகிறது. லேசான ஈரத்தோடு வருடக்கணக்கில் ஓட்டலாம். சொட்டினால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச், பின் சீல், ஐஎம்எஸ் மூன்றுக்கும் அதே கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டும் என்பதால் மூன்றையும் ஒரே வேலையாகச் செய்வதே லாபம். கிளட்ச் தேய்ந்த காரை நல்ல தள்ளுபடியில் வாங்கி, மூன்றையும் சேர்த்து முடிப்பது புத்திசாலித்தனமான வழி.

மைல் குறைவு என்று மயங்குவது

இருபது வயது தாண்டிய கார், 38,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்று விளம்பரம் வரும். கை தானாகப் பர்சுக்குப் போகும். பொறுங்கள். ஓடாமல் நின்ற காரில் ரப்பர் குழாய் இறுகி வெடிக்கிறது, சீல் காய்கிறது, டயர் கல்லாகிறது. குறுகிய தூரமே ஓடினால் ஆயில் முழுச் சூடு ஏறாமல் ஈரம் தங்குகிறது. மைல் ஏறவில்லை என்று ஆயிலையும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஐஎம்எஸ் பேரிங்குக்கு இதைவிட மோசமான வாழ்க்கை இல்லை. வருடந்தோறும் ஆயில் மாற்றி 90,000 மைல் ஓடிய காரை, நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் பார்த்த 38,000 மைல் காருக்கு முன்னால் வைக்கலாம்.

எம்ஓடி எனும் பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றை அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருட மைலும், தேறாமல் போன காரணங்களும், எச்சரிக்கைக் குறிப்புகளும் அதில் இருக்கும். பிரேக் குழாய் துரு, உடைந்த முன் ஸ்பிரிங், ஆயில் கசிவு ஆகிய மூன்றும் இந்தக் காருக்கு அடிக்கடி வரும் குறிப்புகள். ஒரே குறிப்பு மூன்று வருடம் தொடர்ந்து வந்தால், உரிமையாளர் செலவு செய்ய மனமில்லாதவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

மைல் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. போர்ஷேவுக்கான கண்டறியும் கருவியை இணைத்தால் என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பெரும்பாலான கார்களில் படிக்கலாம். மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். 25, 30 வந்தால் இயல்பு. 12 வந்தால், ஒன்று நகர நெரிசலிலேயே வாழ்ந்த கார், அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அதே கருவி இன்னொரு ரகசியத்தையும் சொல்லும். என்ஜின் வரம்பைத் தாண்டிச் சுழன்ற தடவைகள் இரண்டு நிலைகளில் பதிவாகியிருக்கும். முதல் நிலை, ஆக்சிலரேட்டரை அழுத்தி வரம்பைத் தொட்டதால் வந்திருக்கலாம், கவலை குறைவு. இரண்டாம் நிலை அப்படி வராது. வேகமாகப் போகும்போது மேல் கியருக்குப் பதில் தவறிக் கீழ் கியரில் போட்டால்தான் சக்கரம் என்ஜினை அந்த அளவுக்கு இழுத்துச் சுழற்றும். கடைசியாக எந்த மணியில் நடந்தது என்றும் பதிவில் இருக்கும். ஆயிரம் மணி நேரத்துக்கு முன் நடந்து, அதன் பிறகு நன்றாக ஓடியிருந்தால் பொறுக்கலாம். போன வாரம் நடந்திருந்தால் வேண்டாம்.

சூடான என்ஜினைப் பார்த்துவிட்டு வருவது

பார்க்க வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் சைலன்ஸர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

குளிர்ந்த என்ஜினில் ஓரிரு நொடி செயின் சத்தம் வரலாம். அதற்கு மேல் நீண்டால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. படுத்த நிலையில் ஆறு சிலிண்டர் கொண்ட என்ஜின் என்பதால், தொடக்கத்தில் கொஞ்சம் நீலப் புகை வருவது இயல்பு. வெள்ளைப் புகை மேகம்போல எழுந்து நிமிடக்கணக்கில் நின்றால், ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் கருவியின் உள்சவ்வு கிழிந்திருக்கும். உறுதி செய்ய, என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கப் பாருங்கள். எடுக்கவே முடியாதபடி உள்ளிழுத்தால் அதுதான் பழுது. மூடிக்கடியில் லேசான பால் நிறப் படிவு குளிர்காலத்தில் சகஜம். ஆனால் கூலன்ட் டேங்கில் பழுப்புக் குழம்பு இருந்தால் சிலிண்டர் ஹெட்டில் விரிசலோ, ஆயில் கூலரில் ஓட்டையோ இருக்கலாம். வாங்காதீர்கள்.

முன்மூடியைத் திறந்தால் என்ஜின் தெரியாது. அது இருக்கைக்குப் பின்னால் மூடிக்குள் இருக்கிறது. வெளியே தெரிவது பின் டிக்கியில் ஆயில், கூலன்ட் மூடிகள் மட்டுமே. கூலன்ட் டேங்கும் அங்கேதான், பிளாஸ்டிக்கால் ஆனது, வயதானால் விரியும். டிக்கி விரிப்பை முழுக்கத் தூக்கிக் கையால் தடவுங்கள். ஈரமோ இனிப்பான வாடையோ இருந்தால் டேங்க் போய்விட்டது. முன் பம்பரின் இரு ஓரத் துளைகளிலும் டார்ச் அடியுங்கள். அங்கே இலைச்சருகு குவிந்து ஈரத்தோடு கிடந்து ஏசி கண்டென்சரையும் பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும் அரித்திருக்கும். ஏசியைப் போட்டதும் இரு ஓரத்திலும் விசிறி ஓட வேண்டும். வாட்டர் பம்ப் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். அதன் பிளாஸ்டிக் விசிறி உடைந்தால் துண்டுகள் கூலன்ட் வழியில் சிக்கிக்கொள்ளும். ஐஎம்எஸ் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் கூலன்ட் பக்கம் பார்ப்பதில்லை. சிறு கசிவைக் கவனிக்காமல் என்ஜினைக் கொதிக்கவிட்டாலும் அதே அளவு நஷ்டம்தான்.

துணிக் கூரையைத் திறந்து மூடி இருமுறை பாருங்கள். நடுவில் இழுத்துக்கொண்டு நின்றால் கேபிளோ பிளாஸ்டிக் மூட்டோ தேய்ந்திருக்கும். மழைநீர் வடியும் துளைகள் அடைத்தால் நீர் உள்ளே இறங்கும். இருக்கைக்கு அடியில் விரிப்பின் கீழே இம்மொபிலைசர் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. இருக்கைக்கடியில் கைவிட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். சாவி இரண்டும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் புதிய டயர் நான்கின் விலையைக் கழித்துப் பேசுங்கள். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் டக் டக் என்றால் கீழ் ஆர்ம் மூட்டு தேய்ந்தது. ஆபத்து கம்மி, செலவு உண்டு.

காசு மிச்சம் என்று சோதனையைத் தவிர்ப்பது

விற்பவர் காட்டும் பட்டறையில் சோதிக்காதீர்கள். இந்த என்ஜினைத் தினமும் பிரிப்பவரிடம், லிஃப்ட்டில் ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பாக்ஸ்டர் பார்க்கப் போய், கொஞ்சம் கூடப் போட்டால் 996 எனப்படும் தலைமுறையின் போர்ஷே 911 கிடைக்கிறதே என்று மனம் மாறுவோர் உண்டு. அதன் 3.6 லிட்டர் என்ஜினில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் குறை பாக்ஸ்டரைவிட அதிகம். அந்தக் காருக்கு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் குட்டிக் கேமரா விட்டு ஆறு சிலிண்டரையும் படம் எடுக்காமல் பணம் கொடுக்கவே கூடாது. 996 டர்போவிலும் ஜிடி3யிலும் இருப்பது வேறு குடும்பத்து என்ஜின், இந்த ஐஎம்எஸ் தொல்லை அவற்றுக்கு இல்லை. விலையும் அதற்கேற்பவே இருக்கும்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும், போர்ஷே ஏ40 அங்கீகாரம் உள்ள ஆயிலாக இருக்கட்டும். அதன்பின் வருடம் ஒருமுறை, அல்லது 5,000 மைலுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது. கழற்றிய ஃபில்டர் காகிதத்தை ஒவ்வொரு தடவையும் வெட்டிப் படம் எடுத்து, தேதியும் மைலும் குறித்து பில்களோடு வையுங்கள். அடுத்த தடவை துகள் கூடியதா என்று ஒப்பிட அந்தப் படம்தான் தேவைப்படும்.