கீறலை நீக்கப்போய் காரின் பெயின்ட்டையே கெடுக்கும் தவறுகள்

வாசல் கேட்டில் உரசுவது, பக்கத்தில் நிறுத்திய ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் இழுத்துவிடுவது, சந்தில் திரும்பும்போது முட்செடி பதம் பார்ப்பது என்று காரில் கீறல் விழுவதற்கு வழிகள் பல. இவற்றில் பெரும்பாலானவை கண்ணை உறுத்துவதோடு நின்றுவிடும். அவற்றைப் போக்குவதாக எண்ணிக் கையில் கிடைத்ததைக் கொண்டு தேய்ப்பதால் வரும் சேதமே திரும்பச் சரிசெய்ய முடியாததாக அமைகிறது.

காரணம் பெயின்ட்டின் அமைப்பில் இருக்கிறது. இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு ஆகியவையும், எல்லாவற்றுக்கும் மேலே க்ளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். அதில் க்ளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் திறனும் அந்த மெல்லிய படலத்தைச் சார்ந்தவை. காம்பவுண்டு எனப்படும் அரைக்கும் பசையைப் போட்டுத் தேய்க்கும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள க்ளியர் கோட் தேய்ந்து இறங்குகிறது. ஒருமுறை தேய்ந்தது தேய்ந்ததுதான்.

எனவே ஆழம் பார்க்காமல் தேய்க்கத் தொடங்குவதே முதல் தவறு. இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடையின்றி வழுக்கிச் சென்று, தண்ணீர் தடவியதும் கோடு மறைந்தால், கீறல் க்ளியர் கோட்டோடு நிற்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பாலிஷுக்கு அது கட்டுப்படும். நகம் சிக்கினாலோ, அடியில் வேறு நிறம் தெரிந்தாலோ எத்தனை தேய்த்தாலும் பயனில்லை. அங்கே தேவைப்படுவது டச்-அப் பெயின்ட். அதையும் கண்ணளவில் வாங்கக் கூடாது. வெள்ளையிலேயே பல வெள்ளைகள் உண்டு. பெரும்பாலும் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்து வாங்கி, மெல்லிய தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு நிரப்ப வேண்டும். தகடு தெரியும் கீறலைத் தள்ளிப்போடலாகாது, அதிலும் உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில்.

கீறலே இல்லாததைக் கீறல் என்று எண்ணுவதும் உண்டு. மதிற்சுவரில் உரசிய பம்பரில் தெரியும் வெள்ளைக் கோடு, பல நேரங்களில் சுவரின் சுண்ணாம்புதான்; சோப்பு நீரிலும் லேசான பாலிஷிலும் போய்விடும். அவசரப்பட்டுத் தின்னர் ஊற்றினால், குறிப்பாக ஏற்கெனவே மறுபெயின்ட் அடித்த பாகமாக இருந்தால், கறையோடு சேர்ந்து பெயின்ட்டும் இளகி வந்துவிடக்கூடும்.

பற்பசை வைத்தியம் இணையத்தில் ஓயாமல் சுற்றிவருகிறது. அதில் அரைக்கும் துகள்கள் இருப்பதால் மிக லேசான உராய்வுத் தடம் மங்குவது உண்மைதான். ஆனால் அந்தத் துகள்கள் பல்லுக்காக அமைந்தவை. பெயின்ட்டின் மேல் அழுத்தித் தேய்த்தால் ஒரு கோட்டின் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கல் மிஞ்சலாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தூசியோடு தேய்ப்பது இதைவிடப் பரவலான தவறு. காலையில் உலர்ந்த துணியால் காரைத் தட்டித் துடைக்கும் வழக்கமே, தூசியில் இருக்கும் மணலைக் கொண்டு வண்டி முழுவதும் நுண்கீறல் போடுகிறது. கறுப்புக் காரை இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் நிறுத்திப் பார்த்தால், சிலந்தி வலை போல வட்ட வட்டமாக அவை தெரியும். பாலிஷ் போடுமுன் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெயிலில் சூடேறிய பானெட்டில் வேலை செய்தால் காம்பவுண்டு உடனே காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். நிழலும் ஆறிய தகடும் அவசியம்.

கடினமான காம்பவுண்டிலிருந்து தொடங்குவதும் கூடாது. மெல்லிய பாலிஷை ஓரமான ஒரு சிறு இடத்தில் சோதித்து, போதாவிட்டால் மட்டுமே அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும். மெஷினைப் பயன்படுத்துவோர் கதவின் விளிம்புகளிலும் உடலின் மடிப்புகளிலும் அழுத்தக் கூடாது. அங்கே பெயின்ட் எளிதில் தேய்ந்து அடிப்பூச்சு வெளியே வந்துவிடும். மேட் எனப்படும் பளபளப்பற்ற பூச்சுள்ள காருக்குப் பாலிஷே ஆகாது. தேய்த்த இடம் மட்டும் தனியாக மினுங்கும்.

வேக்ஸ் பூசியதும் மறைந்த கீறல் நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. சில கழுவல்களில் அது மீண்டும் தலைகாட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நீரில் கலந்து வேக்ஸைத் துடைத்தெடுத்துப் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

சின்னக் கோட்டுக்காக முழுக் கதவையும் மறுபெயின்ட் அடிக்கச் சம்மதிப்பதும் தவறே என்பது என் கருத்து. தொழிற்சாலையில் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்த பூச்சை, 60 டிகிரியில் உலர்த்தப்படும் பட்டறைப் பூச்சுக்காக இழக்கிறோம். மெட்டாலிக் நிறமாக இருந்தால் பக்கத்துக் கதவோடு பொருந்துவதும் அரிது. காப்பீடுதான் தருகிறதே என்று கிளெய்ம் செய்வோர், கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: இந்தியாவில் முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை வளரும் அந்தத் தள்ளுபடி, ஒரு கதவின் பெயின்ட் செலவைவிடப் பெரிதாக இருக்கலாம்.