கைக்குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. சளியா? சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். போன மாதம் மூத்தவள் பாலர் பள்ளியிலிருந்து மூக்கொழுகலோடு வந்தாள். ஐந்தாம் நாள் ஏழு மாதத் தம்பிக்கும் இருமல். கிளினிக்கில் ஆர்.எஸ்.வி. என்றார்கள். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துபோகும் வைரஸ்தான். மூத்தவளுக்கு வெறும் சளி. ஆனால் கைக்குழந்தையின் சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைத்துக்கொள்ளும்.

1. மூக்கு

பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு சொட்டு உப்புநீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துச் சளியை உறிஞ்சி எடுங்கள். ரப்பர் பந்து உறிஞ்சி வேண்டாம், அதன் உள்பக்கத்தைக் கழுவவே முடியாது. பஞ்சு வடிகட்டி வைத்த, நாம் வாயால் இழுக்கும் குழாய்தான் எனக்குப் பிடித்தது. ஓயாமல் உறிஞ்சினால் மூக்கு புண்ணாகிவிடும்.

2. பால்

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, அல்லது 12 மணி நேரமாகப் பெம்பர்ஸ் நனையவில்லை என்றால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

3. மூச்சு

நான் தவறியது இங்கேதான். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினேன், 44 வந்தது. சரி, பயமில்லை என்று இருந்துவிட்டேன். கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) சட்டையைத் தூக்கிவிட்டு முழு நிமிடம் எண்ணினார். 58! குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. வேகமாக நாலைந்து, அப்புறம் மெதுவாக, நடுவில் சின்ன இடைவெளி. கால் நிமிடக் கணக்கு அதில் ஏமாந்துவிடும்.

அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. போனில் 60 விநாடி வைத்து எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எண்ணும்போதே விலாவுக்குக் கீழே பாருங்கள். மூச்சிழுக்கும்போது அங்கே தோல் குழி விழுந்தாலோ, மூக்குத் துவாரம் விரிந்தாலோ, முனகல் கேட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உதடு நீலமானாலும், மூச்சு நின்று நின்று வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள். 3 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே காத்திருக்காதீர்கள்.

மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். அந்த இரவுகளில் நான் எழுந்து எழுந்து எண்ணினேன். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும்.

4. தொடக்கூடாதவை

இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. இருமல் சிரப் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது. கோடாலித் தைலத்தை நெஞ்சில் தேய்க்க வேண்டாம், அந்தக் காட்டம் பச்சிளம் பிள்ளைக்கு மூச்சுத் திணறலையே தரலாம். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது எங்கள் அத்தையின் வழக்கம். "புகை அந்தச் சின்னக் குழாயை இன்னும் எரிச்சல்படுத்தும் அத்தே" என்றதும் தூபக்காலை அவரே எடுத்து வைத்துவிட்டார். கொசுவத்தியும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.

5. மற்றவர்கள்

கிருமி மேசை, பொம்மைகளில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். தொற்று பெரும்பாலும் 3 முதல் 8 நாள் வரை பரவும் என்பதால் ஆயாக் கொட்டாய்க்கு (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) ஒரு வாரம் அனுப்பவில்லை. முதியவர்களுக்கும் இது நெஞ்சுச் சளியாக இறங்கலாம், தாத்தா பாட்டியையும் கவனியுங்கள்.

பின்சேர்க்கை: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எத்தனை மில்லி என்று பலர் கேட்டிருந்தீர்கள். மில்லியை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதுதான் ஒரு வேளைக் கணக்கு. எட்டுக் கிலோ பிள்ளைக்கு 80 முதல் 120. அந்தப் பிள்ளைக்கு 250 போத்தலில் 5 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். போத்தலைக் கையோடு கொண்டுபோய், பிள்ளையின் எடையைச் சொல்லி, மருந்தகத்தில் சிரிஞ்சில் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள்.