சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எந்த பஸ் நமக்குரியது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே சாலையில் ஓடும் பஸ்கள் எல்லாம் பொது பஸ்கள் அல்ல என்பதுதான். விடியற்காலையில் தோட்டத்துச் சந்திப்பில் நின்றால் தொழிற்சாலை பஸ்கள் அடுத்தடுத்துக் கடக்கும். அவை தத்தம் ஆட்களை மட்டுமே ஏற்றும். மஞ்சள் பஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கானது.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே சுங்கை சிப்புட் வழியாக ஓடும் உள்ளூர் பஸ்தான் நமக்குரியது. நிறுத்தத்தில் நின்றாலும், நெற்றிப் பலகையில் ஊர்ப் பெயரைப் படித்தவுடன் கையை நன்றாக நீட்ட வேண்டும்; இல்லையென்றால் ஓட்டுநர் நிறுத்தாமல் போய்விடக்கூடும். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டாமல், ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருங்கள். ஏறும்போதே மலாய் மொழியில் "பஸ் தெராக்கிர் புக்குல் பெராப்பா?", அதாவது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். அதைத் தவறவிட்டால், டாக்சிக்குக் கொடுக்கும் பணம் அன்றைய சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

ஈப்போவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அங்கே இரண்டு பஸ் நிலையங்கள் உள்ளன. உள்ளூர் பஸ்கள் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள மேடான் கிட்டுக்கு வரும். கோலாலம்பூர் போன்ற தூரத்து ஊர்களுக்கான எக்ஸ்பிரஸ் பஸ்கள் நகருக்கு வடக்கே மேரு ராயாவிலுள்ள அமான்ஜெயாவிலிருந்து புறப்படும். நான் வந்த புதிதில், கையில் டிக்கெட்டுடன் மேடான் கிட்டில் காத்திருந்து கோலாலம்பூர் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆகவே டிக்கெட்டில் ஊர்ப் பெயரோடு நிலையத்தின் பெயரையும் பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குக் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) உடன் எடுத்துச் செல்லுங்கள். 2025 ஜூலை 1 முதல் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் பயணிகள் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தீபாவளி, தைப்பூசம், நோன்புப் பெருநாள் சமயங்களில் இடம் கிடைப்பது கடினம் என்பதால், விடுமுறை உறுதியானதுமே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.

கோலாலம்பூரில் பெரும்பாலும் பண்டார் தாசிக் செலாத்தான் நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து ஏறும் ரேபிட் கேஎல் நகரப் பஸ்களில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால், டச் அண்ட் கோ அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டுக்கொள்ள வேண்டும். மாதம் 50 வெள்ளிக்குக் கிடைக்கும் மை50 பயணச் சலுகை மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உங்களுக்கும் எடுத்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.