தோல் ஜாக்கெட்டை அந்துப்பூச்சி அரிக்காமல் வைப்பது எப்படி?

குளிர்ப் பிரதேசப் பயணம் முடிந்து பீரோவுக்குள் போகும் தோல் ஜாக்கெட்டில் அந்துப்பூச்சி முதலில் தேடுவது தோலை அல்ல. கம்பளி, உரோமம், இறகு, பட்டு ஆகியவற்றிலுள்ள புரதமே அதன் புழுவுக்கு உணவு என்பதால், கம்பளி லைனிங்கோ உரோமக் காலரோ வைத்துத் தைத்த ஜாக்கெட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை; அது இடும் 40, 50 முட்டைகளிலிருந்து வரும் புழுக்களே துணியை அரிக்கின்றன.

வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தைப் புழு விரும்பித் தின்னும். ஆகவே உள்ளே வைப்பதற்கு முன் சுத்தம் செய்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். சட்டைப்பைகளை வெளியே புரட்டி, தையலோரங்களிலும் காலரின் அடிப்பக்கத்திலும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியை உதிர்க்க வேண்டும். அக்குள் பகுதியின் லைனிங்கை ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் போடாமல் நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். கறை ஆழமாக இருந்தால் தோலாடைகளைச் சுத்தம் செய்து பழகிய டிரை கிளீனிங் கடையில் கொடுப்பதே நல்லது.

பிறகு அகலமான தோள்பகுதி உள்ள ஹேங்கரில் மாட்டி, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியுறையில் இட்டு வாயை இறுக்கிக் கட்டவும். பாலிதீன் உறையில் மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பூக்கும்; சென்னை போன்ற கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் தோலுக்கு அந்துவைவிட அதுவே பெரிய பகை. வசம்பும் வேப்பிலையும் பூச்சியை ஓரளவு விலக்கலாமே தவிர, ஏற்கெனவே புகுந்த புழுவைக் கொல்வதில்லை. அந்துருண்டை தோலில் நேரே படக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே சரி.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் எடுத்து உதறிப் பாருங்கள். லைனிங் மடிப்பில் மணல் போன்ற துகளோ, நூலாம்படை போன்ற கூடோ தென்பட்டால், ஜாக்கெட்டைப் பாலிதீன் பையில் இட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிரூட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். உறைந்த தோலை மடக்கக் கூடாது. வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுதும் பையைப் பிரிக்காமல் வைத்தால், நீர்த்துளி பையின் மேல்தான் படியும், தோலில் படியாது. அதற்குள் பீரோவின் மூலைகளைத் துடைத்து, பக்கத்தில் இருந்த பட்டுப்புடவையையும் கம்பளிச் சால்வையையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.