அடுப்படியில் நிற்காமல் ஒரு பிரெஞ்சு விருந்து

பாரிஸ் வீட்டுக்கு நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால், அவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் அடுப்படியில் நிற்பேன். எதையும் சுடச்சுடப் பரிமாறிப் பழகிய கை. 2010-இல் பிரெஞ்சு விருந்து முறையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. அதற்கு வழிசெய்தது ரட்டாட்டூய் என்ற காய்கறிக் கலவை.

கத்தரிக்காய், சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் பூசணி வகை), குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி, வெங்காயம், பூண்டு, தக்காளி, தைம் என்ற மூலிகை இலை வதங்கிய சட்டியில் கடைசியாகச் சேர்த்துச் சிறுதீயில் விடுகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும். முதல் நாளே செய்துவிட்டால் மறுநாள் ருசி ஏறியிருக்கும். சூடாக்கவே வேண்டாம், அப்படியே பரிமாறலாம்.

அப்புறம் சாலட். ஒரு பங்கு வினிகரில் டிஜோன் கடுகு விழுதைக் கரைத்து, மூன்று பங்கு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் சீக்கிரம் பிரியாது. இலையோடு கலப்பது மட்டும் பரிமாறும்போதுதான், இல்லாவிட்டால் வாடிவிடும்.

சீஸ் இங்கே இனிப்புக்கு முன்னால் வரும். ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தால், நன்றாகப் பழுத்த காமம்பேர் சீஸ் நடுவில் இளகி, கத்தி பட்டதும் மெல்லச் சரியும். எனக்கு விருந்தில் மிகப் பிடித்த கட்டம் இதுதான். தட்டை நடுவில் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன். பகெத் ரொட்டியை அவரவரே பிய்த்துக்கொள்வார்கள். கடைசியில் வரும் சாக்லேட் மூஸும் முதல் நாள் செய்ததுதான்.