ஆதென்டிகேட்டர் செயலி: எதை எடுப்பது, எப்படி மாறுவது

பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு எண்ணையும் கேட்பது இருபடிச் சரிபார்ப்பு. அதற்காக ஆதென்டிகேட்டர் செயலியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் அந்த 6 இலக்க எண்ணை யாரும் உங்களுக்கு அனுப்புவதில்லை. முதல் நாள் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோதே ஒரு ரகசியச் சாவி போனுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சாவியையும் போனின் கடிகாரத்தையும் வைத்துச் செயலி எண்ணைக் கணக்கிடுகிறது. அதே சாவியின் நகல் தளத்திடமும் இருப்பதால், அது தன் பக்கம் கணக்கிட்டு இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணமாக வெளியான பொது முறை இது. அதனால்தான் "கூகுள் ஆதென்டிகேட்டர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் தளத்திலும் வேறு செயலி வேலை செய்கிறது. ஏர்பிளேன் மோடில்கூட எண் வருகிறது.

ஆக, செயலி மாறுவது என்றால் சாவிகளை இடம் மாற்றுவதுதான். புதிதாக ஒன்றை எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே: உள்ளே போட்ட சாவிகளை நாளைக்கு வெளியே எடுக்க முடியுமா? அழகான ஐகான், டார்க் மோடு எல்லாம் அதற்குப் பிறகு.

எதை எடுப்பது

ஆண்ட்ராய்டு மட்டும் பயன்படுத்துபவருக்கு ஏஜிஸ் நல்ல தேர்வு. ஓப்பன் சோர்ஸ், இலவசம். சாவிகளை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைக்கிறது. முழுப் பெட்டகத்தையும் பூட்டிய ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யலாம், வேறு பல செயலிகளின் கோப்புகளை இம்போர்ட்டும் செய்யலாம். ஆனால் ஐபோனுக்கு ஏஜிஸ் கிடையாது. நாளை ஐபோனுக்குப் போகும் எண்ணம் இருந்தாலோ, கணினியிலும் எண் தெரிய வேண்டும் என்றாலோ என்டே ஆத் பாருங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி எல்லாவற்றிலும் ஓடும். சாவிகள் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் மேகத்துக்கு, அதாவது இணையச் சேமிப்பகத்துக்கு, போகும். 2எஃப்ஏஎஸ் (2FAS) என்ற செயலி இரண்டு வகைப் போனிலும் உண்டு. பேக்கப்பை உங்கள் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ வைக்கும்.

கூகுள் ஆதென்டிகேட்டர் மோசமில்லை. 2023 ஏப்ரலில் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தபின், போன் தொலைந்தால் எல்லாம் போச்சு என்ற பழைய நிலைமை மாறிவிட்டது. ஆனால் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். சாவிகள் கூகுள் கணக்கில் இருக்கின்றன. அந்தக் கூகுள் கணக்கைத் திறக்க ஆதென்டிகேட்டரில் உள்ள எண் வேண்டும். போன் தொலைந்த அன்று இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். செயலி எண்ணுக்குப் பதிலாக இடுவதற்குக் கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளை (மீட்புக் கோடு என்பதும் இதுதான்) காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் இந்த முடிச்சு தானாக அவிழும். எந்தச் செயலியை எடுத்தாலும், அதன் பேக்கப் இருக்கும் கணக்கின் மீட்புக் கோடு அந்தச் செயலிக்கு வெளியே இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரில் பேக்கப் உண்டு, எக்ஸ்போர்ட் இல்லை. ஐபோனில் எடுத்த பேக்கப் ஆண்ட்ராய்டில் திறக்காது, மறுபக்கமும் அப்படியே. அலுவலகக் கணக்குக்கு அதைத்தான் வைக்கச் சொல்கிறார்கள் என்றால் அதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சொந்தக் கணக்குகளை வேறு செயலியில் வைப்பது நல்லது. ஆத்தி (Authy) என்ற செயலியிலும் எக்ஸ்போர்ட் கிடையாது. அதன் கணினிப் பதிப்பும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. போட்டால் எடுக்க முடியாத செயலியில் புதிதாகக் கணக்குச் சேர்க்க இன்று எந்தக் காரணமும் இல்லை.

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜரிலேயே எண்ணையும் வைக்கலாமா? வசதிதான், தானாகவே நிரப்பிவிடும். ஆனால் பாஸ்வேர்டும் எண்ணும் ஒரே இடத்தில் இருந்தால், அந்த ஒரு பூட்டு உடைந்ததும் இரண்டும் போகும். சாதாரணக் கணக்குகளுக்கு இது போதும். மின்னஞ்சலின் சாவியும் அந்த பாஸ்வேர்டு மேனேஜரின் சொந்தச் சாவியும் மட்டும் தனிச் செயலியில் இருக்கட்டும்.

ஆப் ஸ்டோரில் "ஆதென்டிகேட்டர்" என்று தேடினால் பெயரும் ஐகானும் ஒன்றுபோலத் தெரியும் போலிகள் வரிசையாக வரும். டெவலப்பர் பெயரைப் பாருங்கள். முதல் எண்ணைக் காட்டும் முன்பே சந்தா கேட்கும் செயலியை அப்போதே நீக்கிவிடுங்கள். மேலே பெயர் சொன்ன ஆதென்டிகேட்டர் செயலிகளில் எதுவும் எண் காட்டக் காசு கேட்பதில்லை.

மாறும் முன்

பழைய செயலியை அழிக்காதீர்கள். பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள். செயலியில் இருந்து ஒரு கணக்கை நீக்கினால் அந்தத் தளத்திலும் இருபடிச் சரிபார்ப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. தளம் எண்ணைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், சாவி மட்டும் உங்களிடம் இருக்காது. மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் போன்ற தளங்களில் மீட்புக் கோடும் இல்லை என்றால், வாடிக்கையாளர் உதவியாலும் கணக்கைத் திருப்பித் தர முடியாமல் போகலாம்.

பழைய செயலியைத் திறந்து கணக்குகளை ஒரு தாளில் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்கள்: பேக்கப் கோடு கையில் இருக்கிறதா, மீட்பு மின்னஞ்சலும் போன் எண்ணும் இன்றும் உங்களுடையவைதானா, எண் எந்த வகை. 6 இலக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறுவது எந்தச் செயலிக்கும் போகும். "ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேட்டு வரும் அறிவிப்பு வகை போகாது. அந்தப் பதிவு அந்தப் போனோடு கட்டப்பட்டது. புதிய போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். கணினி விளையாட்டுத் தளமான ஸ்டீமின் 5 எழுத்துக் கோடுக்கும் அதன் சொந்தச் செயலிதான்; இடம் மாற்ற அதிலேயே தனி வழி உண்டு.

எக்ஸ்போர்ட் இருந்தால்

கூகுள் ஆதென்டிகேட்டரில் மெனுவைத் திறந்து, கணக்குகளை இடம் மாற்றும் பகுதியில் எக்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெரிய கியூஆர் கோடு வரும். இதை ஏஜிஸ், 2எஃப்ஏஎஸ், என்டே ஆத் மூன்றும் படிக்கும். ஒரு கோடில் அதிகபட்சம் 10 கணக்குகள்தான் அடங்கும். 23 கணக்கு இருந்தால் 3 கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் கோடை ஸ்கேன் செய்ததும் புதிய செயலியில் கணக்குகள் வரிசையாகத் தெரியும். முடிந்துவிட்டது என்று பழையதை மூடிவிடுவார்கள். மீதி 13-உம் வந்திருக்காது. தாளில் எழுதிய பட்டியலோடு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

ஒரே ஆண்ட்ராய்டு போனுக்குள் செயலி மாற்றுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க கூகுள் ஆதென்டிகேட்டர் விடாது. ஒரு போன் தன் திரையைத் தானே ஸ்கேன் செய்யவும் முடியாது. இன்னொரு போனில் அந்தக் கோடைப் படம் பிடித்து, அந்தப் படத்தைப் புதிய செயலியின் ஸ்கேனருக்குக் காட்ட வேண்டும். அப்படி எடுக்கும் படத்தில் உங்கள் எல்லாச் சாவிகளும் பூட்டில்லாமல் இருக்கின்றன. அதனால் எடுக்கும் முன்பே அந்தப் போனில் படங்கள் தானாக மேகத்துக்கு ஏறும் வசதியை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வேலை முடிந்ததும் படத்தை அழித்து, கேலரியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும் செயலிகளில் பாஸ்வேர்டு போட்ட கோப்பு, பூட்டில்லாத கோப்பு என இரண்டு வழி இருக்கும். புதிய செயலி பூட்டியதைப் படிக்கும் என்றால் அதையே எடுங்கள். பூட்டில்லாததுதான் வேண்டும் என்றால், இம்போர்ட் முடிந்த நிமிடமே டவுன்லோட் கோப்புறையில் இருந்து நீக்குங்கள். அங்கே மறந்துபோன ஒரு கோப்பு போதும், இருபடிச் சரிபார்ப்பின் மொத்தப் பலனும் போய்விடும்.

மாற்றியதும் இரண்டு செயலிகளையும் அடுத்தடுத்துத் திறந்து, ஒவ்வொரு கணக்கின் எண்ணையும் ஒப்பிடுங்கள். சாவி ஒன்றே என்றால் அந்த 30 வினாடிக்குள் இரண்டிலும் ஒரே எண் தெரியும். இப்படிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கண்மூடித்தனமாக நம்புவதைவிட நூறு மடங்கு மேல்.

எக்ஸ்போர்ட் இல்லாவிட்டால்

ஒவ்வொரு தளமாகப் போய் மறுபடி பதிவு செய்வதைத் தவிர வழியில்லை. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கடினம் இல்லை. முக்கியமில்லாத ஒரு கணக்கில் ஆரம்பித்துக் கை பழகிய பிறகு மின்னஞ்சலுக்கு வாருங்கள்.

1. கணினியில் அந்தத் தளத்தில் லாகின் செய்து, பாதுகாப்பு அமைப்புக்குப் போங்கள். வேலை முடியும்வரை இந்த உலாவியில் லாகவுட் செய்யாதீர்கள். ஏதாவது தவறினால் திரும்பி வர இதுதான் வாசல்.

2. "ஆதென்டிகேட்டர் செயலியை மாற்று" என்ற வழி இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லை என்றால் இருபடிச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு உடனே மறுபடி தொடங்குங்கள். இடைவெளி விடாதீர்கள்.

3. புதிய செயலியில் கோடை ஸ்கேன் செய்து, வரும் 6 இலக்கத்தைத் தளத்தில் இடுங்கள். தளம் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும்வரை மாற்றம் நடக்கவில்லை. பழைய சாவிதான் இன்னும் செல்லும்.

4. புதிய பேக்கப் கோடுகளை வாங்கி எழுதுங்கள். மறுபடி பதிவு செய்யும்போது பல தளங்களில் பழைய கோடுகள் செல்லாமல் போய்விடும்.

5. இன்காக்னிட்டோ ஜன்னலில் முதலில் இருந்து லாகின் செய்து பாருங்கள். உள்ளே போன பிறகுதான் பழைய செயலியில் அந்தக் கணக்கின் பெயர் முன்னால் "பழையது" என்று எழுத வேண்டும். அழிப்பது பிறகு.

அதிகம் தவறுவது மூன்றாவது படியில்தான். ஸ்கேன் செய்துவிட்டு, ஏதோ ஐயத்தில் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்வார்கள். பெரும்பாலான தளங்கள் அப்போது புதிய சாவியை உருவாக்கிவிடும். செயலியில் இருப்பது முந்தைய சாவி, எண் பொருந்தாது. மறுபடி ஸ்கேன் செய்தால் ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் வந்து, எது உயிரோடு இருக்கிறது என்றே தெரியாது. பக்கம் ரீஃப்ரெஷ் ஆகிவிட்டால், செயலியில் இப்போது சேர்த்த பதிவை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கேமரா படிக்கவில்லை என்றால் கோடுக்குக் கீழே எழுத்து வடிவச் சாவியைக் காட்டும் இணைப்பு இருக்கும். அதைக் கையால் அடிக்கலாம். ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையான எண்களும் மட்டுமே அதில் வரும். 0, 1, 8, 9 வராது. பூஜ்யம் போலத் தெரிவது "ஓ" என்ற எழுத்துதான். நடுவே உள்ள இடைவெளிகளை அடிக்கத் தேவையில்லை. இதே சாவியைக் காகிதத்தில் எழுதிப் பூட்டி வைத்தால், எந்தச் செயலியும் இல்லாத நாளிலும் மீண்டும் தொடங்கலாம்.

எண் சரி, தளம் ஏற்கவில்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி, நேரம் இரண்டும் தானியங்கியாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆனாலே தளம் எண்ணை மறுக்கும். நேர மண்டலம் மாறுவதால் கோளாறு வராது, ஏனென்றால் கணக்கு உலகப் பொது நேரத்தில்தான் நடக்கிறது. ஆனால் வேறு நாட்டில் இறங்கியதும் மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்தினால், எல்லாக் கணக்கின் எண்ணும் ஒரே நேரத்தில் தவறாகிவிடும். எல்லாமே தவறு என்றால் கடிகாரம், ஒன்று மட்டும் தவறு என்றால் சாவி.

பழைய போனை என்ன செய்வது

சாவியை நகல் எடுப்பதால் பழைய நகல் செத்துப்போவதில்லை. போன் உங்கள் கையில் இருந்தால், ஓரிரு வாரம் புதிய செயலியில் புழங்கிவிட்டு, பழையதில் கணக்குகளை நீக்கி, போனை ரீசெட் செய்தால் போதும். போன் தொலைந்ததோ திருடு போனதோ என்றால் பேக்கப்பில் இருந்து மீட்டதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் போனில் இருக்கும் சாவிகள் இன்னும் செல்லும். எக்ஸ்போர்ட் வசதி இருந்தாலும் முக்கியமான கணக்குகளில் மேலே சொன்ன ஐந்து படிகளைச் செய்து, சாவியையே மாற்றுங்கள், மின்னஞ்சல் முதலில்.

யூபிகீ போன்ற வன்பொருள் சாவியில் (சாவிகளைத் தனக்குள் வைத்திருக்கும் சிறு கருவி) எண்களை வைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அதற்குள் போன சாவியை மீண்டும் படித்து எடுக்கவே முடியாது. எனவே இரண்டு வைத்துக்கொண்டு, தளம் கோடைக் காட்டும் அதே அமர்வில் இரண்டிலும் ஒரே கோடை ஸ்கேன் செய்யுங்கள். அத்துடன், செயலி காட்டும் எண்ணைப் போலித் தளத்தில் நீங்களே அடித்துவிட்டால் எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. தளத்தின் முகவரியைத் தானே சரிபார்க்கும் பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகின் செய்யும் முறை) வன்பொருள் சாவி லாகினும்தான் அதைத் தடுக்கும். மின்னஞ்சல் கணக்கில் அந்த வசதி இருந்தால், செயலி மாற்ற உட்கார்ந்த அன்றே அதையும் சேர்த்துவிடுங்கள்.