ஆயிரம் முகவரி என்ற கணக்கை நம்பாதீர்கள்: ப்ராக்ஸிக்கு ஐபிவி4, ஐபிவி6 தேர்வு செய்யும்போது நேரும் தவறுகள்

போன வாரம் கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு அடுத்த தெருவில் உள்ள என் அலுவலகத்துக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் மன்னார்குடிக்காரர், மற்றவர் வலங்கைமான். கடைக்காரர்களுக்கு இணைய விலைகளைத் தினமும் திரட்டித் தரும் வேலையைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் பல வருடங்களாக அதே வேலையைத்தான் செய்கிறேன். அவர்கள் கையில் ப்ராக்ஸி முகவரிகளின் விலைப்பட்டியல் ஒன்று இருந்தது. ப்ராக்ஸி என்பது நமக்குப் பதிலாகத் தன் முகவரியிலிருந்து தளத்தைக் கேட்டு வாங்கித் தரும் இடைக் கணினி. இணைய முகவரியில் பழைய வகை ஐபிவி4, புதிய வகை ஐபிவி6. "அண்ணே, பழைய வகையில் பத்து முகவரி வாங்கும் பணத்துக்குப் புதிய வகையில் ஆயிரம் தருகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணியோடு சலுகை முடிகிறது. கட்டிவிடலாமா?" என்றார் மன்னார்குடித் தம்பி.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2018 ஐப்பசியில் நான் பணத்தைக் கொட்டியதும் இதே கணக்கை நம்பித்தான். அவர்களிடம் இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இலவச ப்ராக்ஸியைத் தொடாதே, பாஸ்வேர்டைப் பகிராதே என்பதையெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் விலை வித்தியாசத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐபிவி4 முகவரி 32 பிட் கொண்டது. உலகம் முழுமைக்கும் சேர்த்து ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் பதிவகமும் கடைசித் தொகுதிக்கு வந்து, ரேஷன் முறையில் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு பழைய முகவரி என்பது கைமாறி வரும் மனை மாதிரி. அமேசான்கூடத் தன் கிளவுட் சேவையில் பொது ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர் என்று 2024 பிப்ரவரி 1 முதல் தனியாகக் கட்டணம் வாங்குகிறது. ஐபிவி6 முகவரிக்கு 128 பிட். அதற்குப் பஞ்சமே இல்லை. விற்பவருக்கு ஆயிரம் முகவரி கொடுப்பதும் பத்து லட்சம் கொடுப்பதும் ஒன்றுதான். மலிவுக்குக் காரணம் அவருடைய தாராளம் அல்ல.

முகவரியின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு பட்டறைக்காரர் அந்த வருடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காவிரி வண்டலில் செய்த அச்சுகள் ஓரமாக அடுக்கியிருந்தன. கடைசல் முடிந்த ஒரு தண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "தம்பி, வெளியூர்க்காரர்கள் இணையத்தில் இரண்டடி விளக்கை என்ன விலைக்குப் போடுகிறார்கள் என்று கார்த்திகை வரைக்கும் தினமும் காலையில் எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். பதினொரு தளங்கள், நாளுக்கு ஒரு முறை. நல்ல வேலை. நான் ஆயிரம் ஐபிவி6 முகவரிகளை வாங்கினேன். ஒன்று அடைபட்டால் இன்னும் 999 இருக்கிறதே என்பதுதான் என் எண்ணம்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, தளங்கள் தந்த பதில்களை என் நிரல் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். 200 என்றால் பக்கம் சரியாக வந்தது என்று பொருள். 200, 200, 200 என்று வந்துகொண்டிருந்த வரிசையில் ஒரு 429. கோரிக்கைகள் அதிகம், நிறுத்து என்று அதற்குப் பொருள். என் நிரல் நிறுத்தவில்லை. அடுத்த முகவரிக்குத் தாவி மறுபடியும் கேட்டது. மறுபடியும் 429. ஆறேழு வரிக்குப் பிறகு 403, அனுமதி இல்லை. அதற்குக் கீழே கடைசி வரி வரைக்கும் 403தான். அதுவரை ஒரு முறைகூடப் பயன்படுத்தாத முகவரிகளுக்கும் அதே பதில். தொடவே தொடாத தொள்ளாயிரம் முகவரிகள் எப்படி ஒரே நிமிடத்தில் அடைபடும்?

பட்டியலை விரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஐபிவி6 முகவரியை முழுதாக எழுதினால் எட்டுத் துண்டுகள் இருக்கும். முதல் நான்கு துண்டுகள் எந்த வலையமைப்பு என்று சொல்லும். பின் நான்கு அந்த வலையமைப்புக்குள் எந்தக் கருவி என்று சொல்லும். என்னிடம் இருந்த ஆயிரம் வரிகளிலும் முதல் நான்கு துண்டுகள் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோலவே இருந்தன. கடைசித் துண்டு மட்டும்தான் மாறியது. மொத்தமும் ஒரே /64 தொகுதி, அதாவது முதல் 64 பிட்டும் ஒன்றாக உள்ள முகவரிகளின் கூட்டம். அப்படி ஒரு தொகுதிக்குள் இருக்கும் முகவரிகளின் எண்ணிக்கை, 18 என்று எழுதி அதற்குப் பின் இன்னும் 18 இலக்கங்களை எழுதும் அளவுக்குப் பெரியது. அதிலிருந்து ஒரு பிடி அள்ளி என்னிடம் விற்றிருந்தார்கள்.

தளம் நடத்துபவரின் இடத்தில் நின்று பாருங்கள். ஐபிவி6 இணைப்பில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஒரு /64 தொகுதியாவது கிடைக்கும். அந்த வீட்டுக் கணினியும் போனும் தனியுரிமைக்காகப் பின்பாதி முகவரியை அவ்வப்போது தாமாகவே மாற்றிக்கொள்ளும். ஆகவே தனி முகவரியை அடைப்பதில் அவருக்குப் பயன் இல்லை. ஒரு /64 என்றால் ஓர் ஆள் என்று கணக்கு வைத்து, தொல்லை வந்தால் மொத்தத் தொகுதியையும் அடைக்கிறார். சிலர் இன்னும் மேலே போய் /48 அளவில், அதாவது 65,536 /64 தொகுதிகளையும் சேர்த்து, ஒரேயடியாக அடைப்பார்கள். வயலுக்குள் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் தலைமதகு ஒன்றுதான் என்றால், பலகையை இறக்கியதும் எல்லாம் காயும். டெல்டாவில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

மாற்று முகவரிகள் ஏற்பாடாகிப் பட்டியல் ஒழுங்காக வரப் பத்து நாள் ஆனது. அதற்குள் பட்டறைக்காரர் உத்தேசமாக விலை வைத்தார். வெளியூர்க்காரர்கள் குறைத்துப் போட்டிருந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிய விளக்குகள் தை மாதம் வரைக்கும் பட்டறை மூலையில் கிடந்தன. நான் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கொள்ளவில்லை. விற்பனைப் பக்கத்தில் "ஆயிரம் தனித்தனி முகவரிகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, எத்தனை தொகுதி என்பதை மட்டும் எங்கேயும் சொல்லாமல் விடும் பழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபமும் ஆறவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. 429 வந்ததும் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறை பதினொரு தளங்களைப் பார்க்க ஆயிரம் முகவரிகள் தேவையே இல்லை. இடைவெளி விட்டு, தளம் அனுமதிக்கும் பக்கங்களை மட்டும் கேட்டிருந்தால் ஐந்து முகவரிகள் போதும்.

சோதிப்பது எளிது. வாங்கும் முன் மாதிரிப் பட்டியல் கேளுங்கள். எக்செல்லில் போட்டு முதல் நான்கு துண்டுகளைத் தனி நெடுவரிசையாக்கி, வேறு வேறாக எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். நீங்கள் வாங்குவது அத்தனைதான். முகவரிக்குள் இரட்டைக் கோலன் (::) இருந்தால் அங்கே பூஜ்யத் துண்டுகள் சுருக்கப்பட்டிருக்கின்றன. முதலில் முழு வடிவத்தில் விரித்துவிட்டு எண்ணுங்கள். பழைய வகையிலும் இந்தச் சிக்கல் உண்டு. 256 முகவரிகள் கொண்ட ஒரே /24 தொகுதியிலிருந்து ஐம்பதை எடுத்துக் கொடுப்பார்கள். அங்கே முதல் மூன்று எண்களைப் பாருங்கள்.

போக வேண்டிய தளத்தில் ஐபிவி6 இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது

கூகுள், ஃபேஸ்புக், விக்கிபீடியா போன்றவை ஐபிவி6 வழியாகவும் திறக்கும். பல கடைத் தளங்கள் திறக்காது. என்னுடைய பதினொன்றில் நான்குதான் திறந்தன. ஐபிவி6 மட்டுமே உள்ள ப்ராக்ஸி மற்ற ஏழுக்குப் போகவே முடியாது. சில சேவைகள் பிழை காட்டும். சில சத்தமில்லாமல் ஒரு பொது ஐபிவி4 முகவரிக்கு மாற்றி அனுப்பிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்த முகவரியை இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைக் காட்டும் என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையில், நான்கு ஏ எழுத்துகளைக் கொண்ட (AAAA) பதிவு வகையைக் கொடுத்துத் தளத்தின் பெயரைத் தேடுங்கள். பதில் வந்தால் ஐபிவி6 இருக்கிறது. முகப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். முகப்புக்கு இருக்கும், விலையைத் தரும் துணைப் பெயருக்கோ உள்நுழையும் பக்கத்துக்கோ இருக்காது. உங்கள் நிரல் தொடும் ஒவ்வொரு பெயரையும் தேட வேண்டும்.

நுழையும் முகவரியையும் வெளியேறும் முகவரியையும் குழப்பிக்கொள்வது

ஐபிவி6 வாங்கியவருக்கு ஒரே ஐபிவி4 முகவரியும், அதில் தனித்தனிக் கதவு எண்கள் மாதிரி நூறு போர்ட் எண்களும் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது நீங்கள் நுழையும் வாசல் மட்டும்தான். ஒவ்வொரு போர்ட்டும் வேறொரு ஐபிவி6 முகவரி வழியாக வெளியேறும். உங்கள் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லாவிட்டாலும் இப்படித்தான் வேலை நடக்கிறது. தளம் பார்ப்பது வெளியேறும் முகவரியை. ஆகவே சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

பெயரை எந்தப் பக்கம் தேடுகிறது என்று கவனிக்காதது

வலங்கைமான் தம்பி மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இதில்தான். சாக்ஸ்5 என்ற வகை ப்ராக்ஸியில், தளத்தின் பெயருக்கு உரிய முகவரியை உங்கள் கணினியே தேடி, கிடைத்த ஐபிவி4 எண்ணை அனுப்பினால், ஐபிவி6 மட்டும் உள்ள ப்ராக்ஸி அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இணைப்பு விழுந்துவிடும். பழி ப்ராக்ஸி மேல் போகும். பெயரையே அனுப்பிவிட்டு, தேடுவதை ப்ராக்ஸியிடம் விடுங்கள். பக்கங்களைக் கட்டளை வழியாகக் கேட்டு வாங்கும் கர்ல் (curl) கருவியில் சாக்ஸ்5 என்பதன் இறுதியில் எச் என்ற எழுத்தைச் சேர்த்தால் (socks5h) போதும். அவர் கணினியில் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்த கணமே பக்கம் திறந்தது.

பக்கவாட்டுக் கசிவு

நம் ஊரில் பலர் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறார்கள். மொபைல் இணைப்புகள் பெரும்பாலும் ஐபிவி6 கொடுக்கின்றன. நீங்கள் ஐபிவி4க்கு மட்டும் வழி மாற்றியிருந்தால், ஐபிவி6 உள்ள தளத்துக்குக் கணினி ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விடும். உங்கள் சொந்த முகவரி அங்கே பதிவாகும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் தனித்தனியே சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புதியது வேகமானது என்று நினைப்பது

இல்லை. வேகம் பாதையைப் பொறுத்தது.

ஊர் பெயரை நம்புவது

"மும்பை முகவரி" என்று விற்பதை முகவரி எந்த ஊரைச் சேர்ந்தது என்று காட்டும் தரவுத்தளங்கள் இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாவிட்டால் ஊர்வாரி விலையை அதை வைத்து எடுக்காதீர்கள்.

பழைய முகவரியின் பூர்வீகத்தை விசாரிக்காதது

ஐபிவி4 பல கை மாறி வந்தது. முன்பு வைத்திருந்தவர் குப்பை மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அந்தக் கறை இன்னும் கறுப்புப் பட்டியல்களில் இருக்கும். வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்குவோமா?

உள்நுழைந்த பிறகு முகவரியை மாற்றுவது

கணக்கு முடங்கும். வேலை முடியும் வரை ஒரே முகவரி.

வருடச் சந்தா

முதல் முறை ஒரு மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள்.

இளைஞர்களின் பட்டியலுக்கு வருகிறேன். அவர்களுடைய எட்டுத் தளங்களையும் என் மேசையிலேயே தேடிப் பார்த்தோம். மூன்றுக்கு ஐபிவி6 இருந்தது. அந்த மூன்றுக்குச் சில /64 தொகுதிகள், மற்ற ஐந்துக்கு வேறு வேறு /24களிலிருந்து நான்கு ஐபிவி4 முகவரிகள் என்று முடிவு செய்தோம். பிறகு, சலுகை தருவதாகச் சொன்ன விற்பனையாளருக்கு என் கணினியிலிருந்தே ஒரு வரி எழுதினோம்: "நீங்கள் தரும் ஆயிரம் முகவரிகள் எத்தனை /64 தொகுதிகளைச் சேர்ந்தவை?"

பன்னிரண்டு மணிக்கு முன் பதில் வரவில்லை. மறுநாள் மதியம் வந்தது. இரண்டு என்று எழுதியிருந்தார்கள். சலுகையையும் இன்னும் ஒரு வாரம் நீட்டித்திருந்தார்கள்.